பதினெட்டு மீட்டர்

ஜனவரி எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கு ஸமாஹ் பள்ளத்துக்குள் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டிருந்தாள் என்று சொல்வதுகூடத் தப்பு, கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மேலே மண் குவியலில் நின்று அவள் முகத்தைப் பார்த்தேன். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எழுத்துல எப்ப வரும்?"

பதில் வந்ததும் போனைச் சட்டைப் பைக்குள் போட்டாள். போட்ட பிறகும் கையைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

"என்னம்மா?" என்றேன்.

"மேல வரேன், அபூ முன்திர். இங்க வேணாம்."

என் பெயர் ஹிஷாம். மூத்தவன் முன்திர் பிறந்த நாளிலிருந்து ஊருக்கு நான் அபூ முன்திர்தான், முன்திரின் அப்பா. தெய்ர் நஈம் ஊராட்சி மன்றத்துக்குப் பத்தொன்பது வருடமாகச் செயலாளர். ஊருக்குப் பாதாள சாக்கடை வேண்டும் என்று முதல் மனுவை எழுதியவன் நான். எழுதியபோது என் தலைமுடி கருப்பு. ஸமாஹ் ஹல்ஹூல் ஊர்க்காரி, ஒப்பந்தக் கம்பெனியின் எஞ்சினியர், முப்பத்து நாலு வயது. பதினான்கு மாதமாக எங்கள் தெருவைத் தோண்டிக்கொண்டிருந்தாள். பொம்பளைப் பிள்ளைக்குப் பள்ளத்துக்குள் என்ன வேலை என்று முதல் மாதம் கேட்டவர்கள், பிறகு தங்கள் வீட்டுச் சுவரில் விரிசல் கண்டால் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

மன்ற அலுவலகத்தில் உட்கார்ந்ததும் சொன்னாள். பொக்லைன் ஓட்டும் பர்ஹூமும் கூட இருந்தான்.

"முப்பத்தொண்ணாம் தேதியோட அமெரிக்க உதவி நிக்குது. எல்லா வேலையும். நம்மளது மட்டும் இல்ல."

"வேலை சரியில்லன்னு சொல்றானுங்களா?" என்றான் பர்ஹூம்.

"வேலையப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கல."

விஷயம் எங்களுக்குப் புதிதல்ல. வானொலியில் ஒரு வருடமாகக் கேட்டதுதான். வாஷிங்டன் தன் தூதரகத்தை ஜெருசலேமுக்கு மாற்றியது. அதற்குப் பிறகு அவர்களோடு எந்தச் சமாதானப் பேச்சுக்கும் உட்கார மாட்டோம் என்று ரமல்லாவிலிருக்கும் எங்கள் அரசு சொன்னது. உட்கார வைப்பதற்காக உதவியை ஒவ்வொன்றாக வெட்டினார்கள். முதலில் அகதிகளுக்கானது, பிறகு ஆஸ்பத்திரிகளுக்கானது. கடைசியில் ஒரு சட்டமும் போட்டார்கள். எங்கள் அரசு அவர்கள் உதவியை வாங்கினால் அவர்கள் நாட்டு நீதிமன்றத்தில் எங்கள் அரசின் மேல் வழக்குப் போடலாம். அதற்குப் பயந்து எங்கள் அரசே, முப்பத்தொன்றுக்குப் பிறகு எங்களுக்கு எதுவும் வேண்டாம் என்று கடிதம் எழுதிவிட்டது. இதெல்லாம் பெரிய ஊர்களில் பெரிய மனிதர்கள் செய்வது, ஏற்கெனவே வாங்கி இறக்கிய குழாயை யார் வந்து தடுக்கப்போகிறார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

"அப்போ நம்ம கக்கூஸ் தண்ணியும் சமாதானப் பேச்சுல உட்கார்ந்திருக்கு," என்றான் பர்ஹூம். "எனக்கு யாருமே சொல்லலியே. சொல்லியிருந்தா கோட்டு போட்டு அனுப்பியிருப்பேன்."

ஸமாஹ் சிரிக்கவில்லை. வரைபடத்தை மேசையில் விரித்தாள். குழாய் குன்றின் மேலிருந்து தெரு வழியாக இறங்கி, பெண்கள் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்துவிட்டது. கீழே ஓடையோரம் நகரத்துக்குப் போகும் பெரிய குழாய் இருக்கிறது. அதைத் தொட எண்பது மீட்டர் பாக்கி. அந்த எண்பது மீட்டரும் இஸ்ரேலிய ராணுவத்தின் கையில் இருக்கும் நிலம், யூதக் குடியேற்றத்துக்குப் போகும் சாலையை ஒட்டி. அங்கே மண்வெட்டி வைக்க அனுமதி வாங்க நாலு வருடம் ஆனது. அதுவும் அமெரிக்கர்கள் பின்னால் நின்றதால்தான் கிடைத்தது. அனுமதிச் சீட்டிலேயே அவர்கள் திட்டத்தின் பெயர்தான் போட்டிருந்தது. திட்டம் செத்தால் சீட்டும் செத்தது.

"புதுசா ஒரு அடி தோண்டக் கூடாதாம்," என்றாள் ஸமாஹ். "ஏற்கெனவே தொறந்து கெடக்கிற பள்ளத்துல மட்டும் குழாய் பதிச்சு மூடலாம். வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ரமல்லாலேர்ந்து உதவி ஆபீஸ் மாஜித் சார் கடிதத்தோட வர்றார். எவ்ளோ தொறந்திருக்குன்னு அளந்து எழுதிட்டுப் போவார்."

பர்ஹூம்தான் முதலில் பிடித்துக்கொண்டான்.

"கடிதம் இன்னும் வரல இல்ல?"

"வரல."

"அப்போ வியாழக்கிழமை நாலு மணிக்கு எது தொறந்து கெடக்கோ..."

"அதான் ஏற்கெனவே," என்றாள் ஸமாஹ்.

இரண்டரை நாளில் எண்பது மீட்டர். ஓடைப் பக்கம் ஆழம் இரண்டு மீட்டர்தான், ஆனால் நடுவில் எங்கே பாறை வரும் என்று யாருக்கும் தெரியாது. கம்பெனியின் பொக்லைன் ஒன்று, பர்ஹூமுடையது ஒன்று, பக்கத்து ஊர் கல் குவாரியிலிருந்து கெஞ்சி வாங்கியது ஒன்று. மதியத்துக்குள் மூன்றும் ஓடையில் இறங்கிவிட்டன.

எல்லோர் முகத்திலும் ஒரு வெறி வந்திருந்தது. எனக்கு மட்டும் அது வரவில்லை. அதற்குக் காரணம் அமெரிக்கா இல்லை.

நாலு நாளைக்கு முன்னால், வெள்ளிக்கிழமை, வேலையாட்கள் விடுமுறையில் இருந்தபோது என் வீட்டுக் கழிவுக் குழாயைப் புதுக் குழாயோடு இணைத்துவிட்டேன். நான் மட்டுமில்லை, என் மச்சான் வீடு, அவனை ஒட்டி இன்னும் ஐந்து வீடு. எங்கள் செப்டிக் டேங்க் நிரம்பி முற்றத்தில் வழிந்துகொண்டிருந்தது. கழிவுநீர் லாரியோ தோண்டிய தெருவுக்குள் வர முடியவில்லை. கடைசிச் சோதனை முடியும்வரை ஒரு வீடும் இணைக்கக் கூடாது என்று ஸமாஹ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அந்த அறிவிப்பைத் தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டு மசூதிச் சுவரில் ஒட்டியவனே நான்தான். இன்னும் மூன்று வாரத்தில் குழாய் ஓடையைத் தொட்டுவிடும், அதுவரை ஏழு வீட்டுத் தண்ணீரைக் குழாய் தாங்காதா என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடத்துக்குக் கீழே, குழாய் முடியும் இடத்தில், மண் உள்ளே போகாமலிருக்க ஒரு ரப்பர் அடைப்பானைக் காற்றடித்துச் செருகியிருந்தார்கள். அதன் பின்னால் நாலு நாளாக எங்கள் ஏழு வீட்டுக் கழிவும் தேங்கிக்கொண்டிருந்தது. அடைப்பானுக்கு முன்னால், அதே பள்ளத்தில், ஆட்கள் இறங்கி வேலை செய்தார்கள்.

அன்றே சொல்லியிருக்கலாம். பள்ளத்தின் ஓரம்வரை இரண்டு முறை போனேன். முதல் முறை ஸமாஹ் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது முறை என்னைப் பார்த்து, "அபூ முன்திர், நீங்க ஒருத்தர்தான் இந்த ஊர்ல என் பேச்சக் கேக்குறவர். அந்தக் குவாரிக்காரன்கிட்ட டீசல் கேளுங்க," என்றாள். டீசல் கேட்கப் போனேன்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு ராணுவ ஜீப் வந்தது. சாலையோரம் நின்றது. மூன்று பொக்லைனும் ஒரே நேரத்தில் ஓய்ந்தன. இறங்கி வந்த சிப்பாய்க்கு முன்திர் வயதுதான் இருக்கும். ஸமாஹ் அனுமதிச் சீட்டை நீட்டினாள். அவன் படித்தான், திருப்பிப் பார்த்தான், மறுபடி படித்தான். அவனுக்குத் தெரிந்த அரபியில் கேட்டான்.

"அமெரிக்கா?"

"அமெரிக்கா."

"அமெரிக்கா போகுதுன்னு சொன்னாங்களே."

"இன்னும் போகல," என்றாள் ஸமாஹ்.

அவன் ஜீப்புக்குப் போய் யாருக்கோ போன் போட்டான். நாங்கள் வெயிலில் நின்றோம். ஒவ்வொரு நிமிடமும் எத்தனை அடி என்று ஸமாஹ் மனதுக்குள் கணக்குப் போடுவது உதடு அசைவிலிருந்து தெரிந்தது. முக்கால் மணி நேரம் கழித்து அவன் திரும்பி வந்து சீட்டைக் கொடுத்தான். "முப்பத்தொண்ணு," என்று விரலை ஆட்டிவிட்டுப் போனான்.

அன்று பொழுது சாயும்போது முப்பத்தேழு மீட்டர் திறந்திருந்தது. வியாழக்கிழமைக்கு நாற்பத்து மூன்று பாக்கி. மண் இப்படியே இருந்தால் முடியும் என்றாள் ஸமாஹ். அந்தச் சமயத்தில் மாஜித் போன் செய்தார். பள்ளம் திறந்திருந்தால் மட்டும் போதாதாம், வேலை நடப்பதாகத் தெரிய வேண்டுமாம், ஒரு குழாயாவது பழைய குழாயோடு பொருத்தி வையுங்கள் என்றார்.

"அவ்ளோதானே?" என்றாள் ஸமாஹ். "நாளைக்குக் காலைல மொத வேலையா வஹீப் அந்த அடைப்ப எடுத்துடுவான். ரெண்டு குழாய் பொருத்திடலாம்."

வஹீப் குழாய் பொருத்துபவன். அடைப்பானை எடுக்க வேண்டுமென்றால் நாலு மீட்டர் பள்ளத்தில் அதன் வாய்க்கு நேராகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான் காற்றைப் பிடுங்க வேண்டும்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். என் மனைவி கிஃபாயா தயிர்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

"அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"எப்ப சொல்றதா உத்தேசம்? குழாய் ஓடை போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறமா?"

"சொன்னா வேலை நின்னுடும் கிஃபாயா. தண்ணிய எறச்சு எடுக்கணும், ஆளுங்களை மேல ஏத்தணும். அரை நாள் போயிடும். அரை நாள் போனா எண்பது மீட்டர் வராது. ஊரே என்னைத் தூக்கிப் போட்டு மிதிக்கும்."

"வஹீப் பொண்டாட்டி முழுகாம இருக்கா. உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

தெரியும். அந்தக் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

வியாழக்கிழமை விடிந்தபோது மேற்கே வானம் கருத்திருந்தது. ஏழரை மணிக்கெல்லாம் பொக்லைன்கள் கீழே உறுமிக்கொண்டிருந்தன. வஹீப் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினான். எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இறங்கினான். அடைப்பானுக்கு முன்னால் உட்கார்ந்து சாவியை வால்வில் வைத்தான்.

"வஹீப்! கைய எடு!"

நான் கத்தினேன் என்பது கத்திய பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவன் அண்ணாந்து பார்த்தான். தெருவில் நின்றிருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

"தொடாத. மேல ஏறு. உள்ள தண்ணி இருக்கு."

"என்ன தண்ணி?" என்றாள் ஸமாஹ்.

"எங்க வீட்டுத் தண்ணி."

அவளுக்கு ஒரு நொடிதான் ஆனது. பள்ளிக்கூட வாசலில் இருந்த மேன்ஹோல் மூடிக்கு ஓடினாள். இரண்டு பேர் கம்பி போட்டு அதை நெம்பினார்கள். நாலு மீட்டர் ஆழத்தில் காய்ந்து கிடக்க வேண்டிய குழிக்குள், கை நீட்டினால் தொடுகிற உயரத்தில் கருப்பாகத் தண்ணீர் நின்றது. நாற்றம் முகத்தில் அறைந்தது. பள்ளிக்கூட ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

ஸமாஹ் குழியைப் பார்த்தாள். பள்ளத்தைப் பார்த்தாள். சரிவில் கீழே, அதே பள்ளத்தின் மறுமுனையில் குனிந்து மண்ணை அள்ளிக்கொண்டிருந்த பதினோரு பேரைப் பார்த்தாள்.

"எல்லாரும் மேல ஏறுங்க!" என்றாள். "மெஷினை நிறுத்து. எல்லாரும் மேல!"

"எவ்ளோ நேரம்?" என்று கீழேயிருந்து பர்ஹூம் கத்தினான்.

"தண்ணி எறைக்கிற வரைக்கும்."

அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று நின்றேன்.

"எத்தன வீடு?"

"ஏழு."

"எப்பலேர்ந்து?"

"வெள்ளிக்கெழமை."

"வெள்ளிக்கெழமைலேர்ந்து நான் அந்த அடைப்புக்கு முன்னாடி நின்னுட்டிருக்கேன், அபூ முன்திர். தினமும். வஹீப், நான், அந்தப் பசங்க எல்லாரும்." கொஞ்சம் நிறுத்தினாள். "லாரிக்குப் போன் போடுங்க. அதையாவது செய்ங்க."

கழிவுநீர் லாரி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. பள்ளிக்கூடம்வரை வர வழியில்லாமல் ஒலிவத் தோப்புக்குள் புகுந்து வந்தது. ஒரு நடை இறைத்து நகரத்துக்குப் போய்க் கொட்டிவிட்டு, மறுபடி வந்து இன்னொரு நடை. மேலே ஏழு வீட்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடக் கூடாது என்று கிஃபாயா வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். மூன்று பொக்லைனும் சும்மா நின்றன. ஆட்கள் மண் குவியலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தார்கள். வஹீப் மட்டும் என் பக்கத்தில் வந்து ஒரு சிகரெட்டை நீட்டினான். அதை வாங்கிப் பற்றவைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி இறங்கினார்கள். நாலு மணி நேரம் போயிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைப் போல ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. ஊரே இறங்கிவிட்டது. மருந்துக்கடைக்காரர், மசூதி இமாம், பள்ளிக்கூட வாத்திச்சிகள் இரண்டு பேர், எல்லோர் கையிலும் மண்வெட்டி. நானும் இறங்கினேன். ஒரு மணிக்குப் பாறை வந்தது. பர்ஹூம் பொக்லைனில் உடைப்பானை மாட்டி இடித்தான், மற்ற இரண்டும் பாறைக்கு அந்தப் பக்கம் போய்த் தோண்டின. இரண்டேகாலுக்கு மழை வந்தது. எங்கள் ஊர் ஜனவரி மழை கேட்டுக்கொண்டு வராது. பள்ளத்தின் கரை சரியத் தொடங்கியது. அள்ளிய மண் அள்ளிய இடத்துக்கே திரும்பி வந்தது.

நாலு மணிக்குச் சரியாக வெள்ளைக் கார் ஒன்று தெரு முனையில் நின்றது. மாஜித் இறங்கினார். ஐம்பது வயது இருக்கும், மெல்லிய மனிதர், குடையை விரிக்கத் தெரியாமல் திணறினார். அவருடைய அலுவலகத்து அமெரிக்கர்கள் யாரும் ஒரு வருடமாக எங்கள் பக்கம் வருவதில்லை, வர அனுமதி இல்லை. அவர்களுக்குப் பதிலாக வந்து பார்த்துப் போகிறவர் அவர்தான். அளவு நாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். நான் பெரிய குழாயின் மேன்ஹோலருகே நின்று பிடித்துக்கொண்டேன். அவர் சேற்றில் நடந்து, தோண்டாத மண் முடிகிற இடம்வரை போனார்.

"பதினெட்டு," என்றார்.

பாறை நின்ற இடம் அது. பாறைக்கு அந்தப் பக்கம் தோண்டியதெல்லாம் மழையில் சரிந்து மூடியிருந்தது. பள்ளிக்கூடப் பக்கம் அறுபத்திரண்டு மீட்டர் திறந்திருந்தது.

"சார், மழை," என்றாள் ஸமாஹ். தலை முதல் கால் வரை சேறு. "மழை இல்லன்னா முடிஞ்சிருக்கும். எண்பதுன்னு எழுதுங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள அது எண்பதா இருக்கும். சத்தியமா."

"எழுதிடலாம்மா. எழுதுறது பெரிய விஷயமில்ல. கூடவே போட்டோ அனுப்பணும். இடம், தேதி, நேரம் எல்லாம் போட்டோவுலயே விழும். அத அங்க உட்கார்ந்து பாக்குறாங்க."

"யார் பாக்குறா? ஆபீஸையே மூடுறாங்கன்னு சொல்றீங்க."

"மூடுற வரைக்கும் பாப்பாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஈரச் சட்டையால் துடைத்ததில் அது இன்னும் மங்கியது. "இருபத்தியொரு வருஷம் இந்த ஆபீஸ்ல இருக்கேன். முப்பத்தொண்ணாம் தேதி என்னையும் சேர்த்துத்தான் மூடுறாங்க. பொய் எழுதி, அப்புறம் அது தெரிஞ்சு, உங்க கம்பெனி மேல வழக்கு வந்தா யார் போய் நிக்கிறது?"

அவர் படம் எடுத்தார். ஆறு படம். ஒவ்வொன்றிலும் மழைக்கோடுகள் விழுந்திருக்கும். கடைசியாக, தெரு முனையில் நிற்கும் திட்டப் பலகையை எடுத்துவிடச் சொன்னார். இது அமெரிக்க மக்களின் அன்பளிப்பு என்று எழுதிய பலகை. காரில் ஏறும் முன் கண்ணாடியை இறக்கி, "நல்ல வேலைம்மா. நான் பாத்ததுல நல்ல வேலை," என்றார்.

கார் போன பிறகு பர்ஹூம் பொக்லைனிலிருந்து இறங்கினான். பாறையை ஒரு உதை உதைத்தான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"பாதிய அமெரிக்காக்காரன் நிறுத்தினான். மீதிய நம்ம அபூ முன்திர் நிறுத்தினாரு."

யாரோ சிரித்தார்கள். சிரித்தது யார் என்று நான் பார்க்கவில்லை. அந்த நாலு மணி நேரம் இருந்திருந்தால் பதினெட்டு மீட்டர் வந்திருக்குமா? பாறை இல்லாவிட்டால்? ஜீப் முக்கால் மணி நேரம் நிறுத்தாமலிருந்தால்? நான் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால், மற்றவர்கள் கீழே தோண்டும்போதே இறைத்து முடித்திருக்கலாமோ? இந்தக் கணக்கை அன்று தொடங்கினேன், இன்றுவரை ஒரு விடைக்கு வரவில்லை.

முப்பத்தொன்றாம் தேதிக்குள் அறுபத்திரண்டு மீட்டருக்கும் குழாய் பதித்து மூடினார்கள். முனையில் ரப்பருக்குப் பதிலாக இரும்புத் தட்டை வைத்துப் போல்ட் போட்டு இறுக்கினாள் ஸமாஹ். கான்கிரீட் போட்டு அடைக்கச் சொல்லித்தான் உத்தரவு. "கான்கிரீட்ட ஒடைக்கணும், போல்ட்டக் கழட்டிடலாம்," என்றாள். அவள் விதியை மீறிய ஒரே இடம் அதுதான், எனக்குத் தெரிந்து.

இணைப்புகளை நான் துண்டித்தேன். ஏழு வீட்டிலும் என் கையாலேயே. முதலில் என் வீடு. கிஃபாயா விளக்கைப் பிடித்துக்கொள்ள, குழாய் வாயில் செங்கல் வைத்து சிமெண்ட் பூசினேன். மச்சான் வீட்டில் அவன் வாசலை மறித்து நின்றான்.

"பெரிய மனுஷன் மாதிரி நீயே வந்து தொறந்து விட்டே. இப்ப நீயே வந்து மூடுறே. அமெரிக்கா உனக்குச் சொந்தக்காரனா?"

"நகருடா. பள்ளிக்கூட வாசல்ல வழிஞ்சா உன் பொண்ணும்தான் மிதிச்சிட்டுப் போகணும்."

நகர்ந்தான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. திட்டப் பலகையைப் பர்ஹூம் கொண்டுபோய்க் கோழிக்கூண்டுக்குக் கூரையாகப் போட்டான். நல்ல தகரம், ஒழுகுவதில்லை என்கிறான்.

ஸமாஹின் கம்பெனி பிப்ரவரியில் பாதி ஆட்களை அனுப்பிவிட்டது, அவளையும் சேர்த்து. என்னோடு பேச மாட்டாள் என்றுதான் நினைத்தேன். மார்ச் மாதம் அவளே கூப்பிட்டாள். வடக்கு ஐரோப்பாவில் ஒரு நாட்டின் தூதரகம் பாதியில் நின்ற வேலைகளின் பட்டியலைக் கேட்கிறதாம், நம் ஊர்க் காகிதங்களை ஒழுங்கு செய்து வையுங்கள் என்றாள். மூன்று நாள் உட்கார்ந்து பத்தொன்பது வருடக் கோப்புகளைப் பிரித்துப் படம் எடுத்து அனுப்பினேன்.

மே மாதம் அந்தத் தூதரகத்திலிருந்து இரண்டு பெண்களும் ஒரு ஆணும் வந்தார்கள். ஸமாஹ் ஹல்ஹூலிலிருந்து பஸ் ஏறி வந்து, தன் வேலையாக இல்லாத ஒரு வேலையை ஆங்கிலத்தில் அவர்களுக்கு விளக்கினாள். அவர்கள் நன்றாகக் கேட்டார்கள். ஏலக்காய்க் காபியை இரண்டு முறை வாங்கிக் குடித்தார்கள். மூத்த பெண்மணி ஓடையோரம் பதினெட்டு மீட்டரையும் நடந்து பார்த்தாள், இருபத்தாறு எட்டு வைத்தாள்.

"இது சின்ன வேலை," என்றாள். ஸமாஹ் அதை எனக்குச் சொன்னபோது அவள் கண் மின்னியது.

"ஆனா?" என்றேன். எப்படியும் ஒன்று இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"ராணுவ அனுமதிய இவங்க புதுசாக் கேக்கணும். கேக்குறதா வேணாமாங்கிறது அவங்க அரசாங்கத்தோட கொள்கைய பொறுத்ததாம். அடுத்த மாசம் அவங்க ஊர்ல தேர்தல். முடிஞ்சதும் சொல்றேங்கிறாங்க."

இப்படித்தான் தெய்ர் நஈமில் நாங்கள் ஒரு குளிர் நாட்டுத் தேர்தலைப் பின்தொடரத் தொடங்கினோம். அதன் கட்சிப் பெயர்களை உச்சரிக்க மருந்துக்கடைக்காரர்தான் பழகிக்கொண்டார். எந்தக் கட்சி வந்தால் எங்களுக்கு நல்லது என்று காபிக்கடையில் சண்டை நடந்தது. அங்கே சண்டை முழுக்க ஓய்வு பெறும் வயதைப் பற்றியாம். பர்ஹூம் அந்த நாட்டுக் கால்பந்து அணியை ஆதரிக்கத் தொடங்கினான்.

வாக்கு எண்ணிக்கைக்கு மறுநாள் காலை ஸமாஹ் கூப்பிட்டாள்.

"யாரு ஜெயிச்சா, அபூ முன்திர்? இங்க கரண்ட் இல்ல."

"ஒருத்தருக்கும் பெரும்பான்மை இல்லம்மா. நாலு கட்சி சேர்ந்தாத்தான் அரசாங்கமாம். பேச்சுவார்த்தை நடக்குதுன்னு சொல்றாங்க."

"பேச்சுவார்த்தையா?" என்றாள். சிரிப்பதா என்று யோசித்து வேண்டாம் என்று விட்டது போலிருந்தது. "எவ்ளோ நாளாம்?"

"போன தடவ நாலு மாசம் ஆச்சாம்."

"நாலு மாசம்னா அக்டோபர். அக்டோபர்ல மழை ஆரம்பிச்சிடும்." அவள் உதடு கணக்குப் போடுவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. "பள்ளிக்கூடத்து மூடியத் தொறந்து பாத்தீங்களா இந்த வாரம்?"

"நேத்து பாத்தேன்."

"யாராவது திருட்டுத்தனமா..."

"இல்லம்மா. காஞ்சு கெடக்கு."

"நாளைக்கும் பாருங்க," என்றாள் ஸமாஹ்.

சரி என்றேன்.